மேல் ஓக்கும் கீழ் ஓக்கும்

வோப்ரூன் மடம்
திருச்சிலுவைத் திருநாள், 1178

மொந்த்வேர் கோட்டைத் தலைவி, மதிப்பிற்குரிய அயெலிஸ் அம்மையாருக்கு, வோப்ரூன் மடத்துப் பாடகர்த் துறவி ரெனியே எழுதுவது.

தங்கள் நலனுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். மடாதிபதி எதியேன் அனுமதியோடு எழுதுகிறேன். முடித்ததும் அவர் படிப்பார். தங்கள் பதிலையும் அவர் படித்த பிறகுதான் நான் படிப்பேன். எங்கள் விதி தங்களுக்குத் தெரியும்.

சோல்னே கிராமம் பற்றியது.

நம் தந்தை பிரபு அர்னோ இந்த மடத்தை நிறுவியபோது கொடுத்த நிலத்துக்குள் சோல்னே அடங்கும் என்று மடம் கருதுகிறது. முப்பத்தேழு வருடமாக மடம் கேட்கவில்லை, கோட்டையும் கொடுக்கவில்லை. இப்போது எங்கள் ஆடுகளுக்கு மேய்ச்சல் போதவில்லை. சோல்னே வீடுகளை அகற்றி, அங்கே பட்டி கட்ட வேண்டும் என்பது மடத்தின் முடிவு. சோல்னே தங்களுடையது என்று தாங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், எங்கள் வாசல் ஆலயத்தில் ஆயரின் நீதிபதி விசாரிப்பார்.

சாசனத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "ஆற்றிலிருந்து மேலே, என் மகன் ரெனியே இதை மறவாதிருக்கும்படி என் கையால் அறை வாங்கிய ஓக் மரம் வரை."

ஓக் மரங்கள் இரண்டு. கீழ் ஓக் ஓடைக்கரையில், சோல்னேவுக்கு இந்தப் பக்கம். மேல் ஓக் சோல்னேயைத் தாண்டி மேட்டில். கீழ் ஓக்கோடு எல்லை முடிந்தால் சோல்னே தங்களுக்கு. மேல் ஓக் என்றால் எங்களுக்கு.

சாட்சிகள் பதினொரு பேர். பத்துப் பேர் மண்ணுக்குள். பதினொன்றாவது ஆள் நான்.

எல்லைக்குக் கல் நடுவார்கள் சில ஊர்களில். நம் பக்கத்தில் ஒரு பிள்ளையின் கன்னம். அடி விழுந்த இடம் அதற்குச் சாகும்வரை மறக்காது என்பார்கள். எனக்கு ஆறு வயது. அறை நினைவிருக்கிறது. கையுறையின் தோல் வாசனை. உதட்டில் இரத்தம். மரம் நினைவில்லை.

அன்று தாங்களும் இருந்தீர்கள். அம்மாவின் வண்டியில். ஒன்பது வயது. தங்களுக்கு நினைவிருப்பதைக் கேட்டு எழுதும்படி மடாதிபதி சொன்னார்.

நானும் கேட்கிறேன்.

ரெனியே


மொந்த்வேர்
மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு மறுநாள்

மடாதிபதி எதியேன் அவர்களுக்கும், அவர் படித்து முடித்தபின் என் தம்பி ரெனியேவுக்கும்.

தம்பி,

"தாங்கள்" என்று படித்ததும் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

கோட்டைக் குருவைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். நாம் இருவரும் ஒரே மெழுகுப் பலகையில்தான் எழுதப் படித்தோம். உன் எழுத்து அழகாகிவிட்டது. என்னுடையது அந்தப் பலகையிலேயே நிற்கிறது.

பதினாறு வயதில் நீ அந்த வாசலுக்குள் போனாய். ஒரே மகன். கோட்டை என் தலையில் விழுந்தது. கோட்டைக்கு ஒரு ஆண் வேண்டுமென்று எனக்கு ஒரு கணவரைப் பிடித்தார்கள். நல்லவர்தான், நாய்களிடம். அவரும் போய்ச் சேர்ந்தார். இருபத்தேழு வருடத்தில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பெண் கால் படக்கூடாத மடம். சரி, விதி. ஆனால் உங்கள் புதுக் கோயிலை அர்ச்சித்துத் திறந்தபோது ஒன்பது நாள் பெண்களுக்கும் கதவு திறந்திருந்தது. அதுவும் விதிதான். பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒன்பது நாளும் வந்தேன். ஒன்பது நாளும் உன் முதுகைப் பார்த்தேன்.

மடாதிபதி இதைப் படிக்கட்டும்.

சோல்னே அம்மாவின் சீதனம். உனக்குத் தெரியும். அவள் அங்கேதான் தேன் எடுக்கச் சொல்லித் தந்தாள். போன வாரம் போயிருந்தேன். பதினான்கு வீடு. தேன் எடுக்கும் பெர்த் முதலில் வந்து நின்றாள்.

"அம்மா, எங்க சேவல் கூவினா சாமியாருங்களுக்கு ஜெபம் கலையுதாமே. வேணும்னா சேவல இன்னிக்கே குழம்பு வெச்சிடறோம். வீட்ட எதுக்கு இடிக்கணும்?"

ஆற்றுக்கு அப்பால் மடத்தார் மாற்று நிலம் தருவார்கள் என்றேன்.

"அந்தச் சேத்துலயா? அங்க தவளைங்களே ரெண்டு வருசம் தாங்காது."

சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். கீழ் ஓக்.

அப்பா ஓடைக்கரையில் குதிரையை நிறுத்தினார். நீ இறங்கி ஓடித் தண்ணீர் குடித்தாய். ஓடைக்கீரையில் முட்டி போட்டு. உன் முழங்கால் பச்சையாக இருந்தது. அம்மா அதைத் துடைக்க வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தாள். அப்பா கையை ஓங்கினார். எனக்கு அந்தக் கை நன்றாக நினைவிருக்கிறது.

அன்று காலை நானும் கேட்டேன். என்னையும் அடியுங்கள், நானும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று. அப்பா சொன்னது: "பொட்டப் புள்ள ஞாபகம் வெச்சு எந்தச் சபையில போய்ச் சொல்லப் போவுது?"

அதனால்தான் இன்றைக்கு உன்னைத்தான் கேட்கிறார்கள். என்னை அல்ல.

அயெலிஸ்


வோப்ரூன் மடம்
புனித லூக்கா திருநாள்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. மடாதிபதி இரண்டு முறை படித்தார். முதுகு பற்றிய வரியை அவர் எனக்காக மறைக்கவில்லை. அதற்குப் பதில் எழுதச் சொல்லவும் இல்லை.

வழக்கில் தாங்கள் ஒரு தரப்பு. ஆகையால் தங்கள் சொல் சாட்சியாகாது. ஆனாலும் அது என் நினைவைத் தட்டி எழுப்பலாம் என்று மடாதிபதி என்னை இரண்டு மரங்களுக்கும் அழைத்துப் போனார். நடந்து போனோம். மழை விட்டிருந்தது.

கீழ் ஓக் அடியில் நெடுநேரம் நின்றேன். ஓடைக்கீரை இருக்கிறது. முழங்கால் நினைவு வந்தது. தண்ணீரின் குளிர்ச்சியும்.

பிறகு மேல் ஓக். அங்கே உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் மடாதிபதி பேசினார். அவர் பேசுவது அபூர்வம் என்பதால் அப்படியே எழுதுகிறேன். அவரும் ஆட்சேபிக்க மாட்டார்.

"ரெனியே, எனக்கு வேண்டிய பதில நீ சொல்ல வேணாம். உங்கக்காவுக்கு வேண்டியதையும் வேணாம். எங்க விழுந்துதுன்னு மட்டும் சொல்லு."

"நினைவில்லேன்னா?"

"அப்ப அதையே சொல்லு. ஆனா அது நெசமா இருக்கணும்."

அவர் கெட்டவர் அல்ல. தங்களுக்கு அப்படித் தோன்றலாம். மனிதர் வாடை இல்லாத இடத்தில்தான் நாங்கள் வாழ வேண்டும் என்பது எங்கள் சபையின் பழைய கட்டளை. அவர் அதை அப்படியே நம்புகிறார்.

ஓடைக்கீரை பற்றித் தாங்கள் எழுதியது துல்லியமாக இருந்தது. நன்றி.

ரெனியே


(தேதி இல்லை. பாடல் புத்தகத்தின் ஓரத்திலிருந்து வெட்டிய தோல் துண்டு.)

அக்கா,

இதற்கு அனுமதி இல்லை. மடாதிபதிக்குத் தெரியாது. கம்பளி வண்டி ஓட்டும் சகோதரர் கோந்த்ரான் கொண்டு வருவார். பதிலை அவரிடமே கொடு.

மேல் ஓக் அடியில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். இருந்தது.

மடாதிபதி முன்னால் போய்விட்டார். நான் முட்டி போட்டேன். ஆறு வயது உயரத்துக்கு. அங்கிருந்து கீழே பார்த்தால் சோல்னேயின் கூரைகள் தெரிகின்றன. அன்று அடி விழுந்ததும் அழக்கூடாது என்று புகையை எண்ணினேன். கூரைக்கு ஒரு புகை. ஒன்பது வரை போனேன். அதற்குள் அழுகை நின்றுவிட்டது.

கீழ் ஓக்கிலிருந்து கூரைகள் தெரியாது. புதர் மறைக்கும்.

ஆனால் இது நினைவா, இல்லை அங்கே முட்டி போட்டபோது நானே கட்டியதா? தெரியவில்லை. மூன்று நாளாக அந்தப் புகையையே பார்க்கிறேன். பாடும்போது இரண்டு இடத்தில் தவறினேன். பதினைந்து வருடத்தில் முதல் முறை.

நீ அங்கே இருந்தாய். நீ சொன்னால் நம்புவேன். கீழ் ஓக் என்று இன்னொரு முறை எழுது. நற்செய்தி நூலின் மேல் கை வைத்து அதையே சொல்கிறேன். அது பொய்யாக இருந்தால் என் ஆன்மா என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே எழுது.

இப்படிக் கேட்பது கோழைத்தனம். கேட்டுவிட்டேன்.

அந்த ஒன்பது நாள். நீ வடக்குத் தூணின் பக்கத்தில் நின்றாய். நீல முக்காடு, உள்ளே வரும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். நான்காம் நாள் இருமினாய். ஆறாம் நாள் வரவில்லை என்று நினைத்தேன், பிறகு இருமல் கேட்டது. திரும்பியிருந்தால் பாட்டு நின்றிருக்கும்.

ரெனியே


மொந்த்வேர்
சகல புனிதர் திருநாள்

தம்பி,

உன் கோந்த்ரான் வந்தார். வாயைத் திறக்காமல் துண்டை நீட்டினார். ரொட்டியும் பாற்கட்டியும் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் பேசக் கூடாதும்மா. அதனால ஒண்ணும் சொல்லல. உங்க தம்பி சரியா சாப்பிடறதில்ல. இதையும் நான் சொல்லல."

நாளைக் காலை அவர் திரும்புகிறார். அதற்குள் எழுத வேண்டும்.

"கீழ் ஓக்" என்று எழுதினேன். சுரண்டினேன். மறுபடி எழுதினேன். இந்தத் தோல் மெலிந்துவிட்டது, பிடித்துப் பார், வெளிச்சம் தெரியும்.

ஆறாம் நாள் நான் வந்தேன். தாமதமாக.

ஒன்பது புகை என்று எழுதியிருக்கிறாய். இப்போது சோல்னேயில் பதினான்கு வீடு. நீ இப்போது கட்டிய நினைவாக இருந்தால் பதினான்கு எண்ணியிருப்பாய். அன்று ஒன்பதுதான். உனக்கு அதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

மேல் ஓக், தம்பி.

நான் எழுதியதில் பாதி உண்மை. கீழ் ஓக்கில் நின்றோம். நீ தண்ணீர் குடித்தாய். அப்பா கையை ஓங்கினார். அப்போது அம்மா வண்டியில் எழுந்து நின்று, "அதோட நிறுத்துங்க, அதுக்கு மேல என்னோடது" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. உங்கள் முதல் மடாதிபதி, அந்த ஒல்லி மனிதர், மேட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு தேவாலயத்தை எரித்தவர், அதற்குள் ஆட்கள் இருக்கும்போது. அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தான் இந்த மடம், அவருக்கு அந்தப் பார்வை போதும். கையை இறக்கினார். குதிரையில் ஏறினார். மேலே போனோம்.

உனக்கு விழுந்ததும் நானே என் கன்னத்தில் அறைந்துகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் பார்த்தாள்.

சோல்னே என்னுடையது என்று இன்றும் நினைக்கிறேன். அம்மாவுடையது, அதனால். அதற்காக நான் பொய் சொல்லலாம், அதன் விலையை நானே கொடுப்பேன். ஆனால் அதைச் சொல்லப் போவது உன் வாய். சின்ன வயதில் உனக்குப் பதிலாக நான் எத்தனையோ முறை அடி வாங்கியிருக்கிறேன். எனக்குப் பதிலாக நீ நரகத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதைப் படித்ததும் எரித்துவிடு. எரிக்காவிட்டாலும் சரி.

பெர்த்திடம் இதை நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அக்கா


மொந்த்வேர்
புனித செசீலியா திருநாள்

மடாதிபதி எதியேன் அவர்களுக்கும், என் தம்பிக்கும்.

விசாரணை முடிந்து பத்து நாள் ஆகிறது. வாசல் ஆலயத்தில் பெண்களும் நிற்கலாம் என்பதால் நின்றேன். தம்பி, உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் உன் பக்கத்திலிருந்த குண்டுத் துறவியை நீ என்று நினைத்து ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன். பிறகு நீ பேசினாய். அப்பாவின் குரல். அது உனக்கு எப்போது வந்தது?

"மேல் ஓக்" என்றாய். நீதிபதி இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னாய். என்னைப் பார்க்கவில்லை. இந்த முறை முதுகு அல்ல, முகம் தெரிந்தது. அது எனக்குப் போதும் என்று சொல்ல மாட்டேன்.

வெளியே சோல்னே ஆட்கள் பனியில் நின்றார்கள். பெர்த் கேட்டாள்: "உங்க தம்பி உண்மையச் சொன்னாராமே."

ஆமாம் என்றேன்.

"நல்ல மனுசன். அவுரு பத்திரமா மோட்சம் போவட்டும். நாங்க எங்க போறது?"

அதற்குப் பதில் தேடப் பத்து நாள் ஆயிற்று. மடாதிபதி அவர்களே, இனி உங்களுக்கு எழுதுகிறேன்.

சோல்னே உங்களுடையது. ஒப்புக்கொள்கிறேன். அதை எனக்குக் கொடுங்கள். பதிலுக்கு ரோவ்ரே புல்வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆடு மேயும். தண்ணீர் உண்டு. ஒரு வீடும் இல்லை, ஒரு சேவலும் இல்லை. அது என் கணவர் எனக்கென்று எழுதிவைத்தது. என் மகன் தியெரி கோட்டையை ஏற்கும்போது நான் தனியாக வாழ்வதற்கு இருந்த ஒரே இடம். தியெரி முத்திரை வைக்கச் சம்மதித்துவிட்டான். என் மருமகள் இசபோ சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப அத்தை கடைசி வரைக்கும் நம்ம சாப்பாட்டு மேசைலதான். சூப்புல உப்பு பத்தலேன்னா சொல்லக் கூடாது, சரியா?" நல்ல பெண். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். பாதி விளையாட்டுக்கு.

புதிய சாசனத்தில் எல்லை கீழ் ஓக் என்று இருக்கட்டும். வழக்கப்படி அங்கே ஒரு கன்னத்தில் அறை விழ வேண்டும். சோல்னேயின் பிள்ளைகள் எவரையும் அடிக்க விடமாட்டேன். அடிக்காமலே இந்த வருடம் அவர்களுக்கு மறக்காது.

என்னை அடியுங்கள். நாற்பத்தாறு வயது. இன்னும் இருபது வருடமாவது இருப்பேன் என்று நினைக்கிறேன், எங்கள் வீட்டுப் பெண்கள் சீக்கிரம் சாவதில்லை. ஒரு பெண்ணின் நினைவை எந்தச் சபையும் ஏற்காது என்றால், ஏற்க வேண்டும் என்று சாசனத்திலேயே எழுதுங்கள்.

கொடுப்பவரின் கைதான் அடிக்க வேண்டும். இந்த முறை கொடுப்பது மடம். மடத்தின் கை யாருடையது என்பது உங்கள் முடிவு.

அயெலிஸ்


வோப்ரூன் மடம்
புனித நிக்கோலாஸ் திருநாள்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

மடாதிபதி ஏற்றுக்கொண்டார்.

மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் ரோவ்ரேவுக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கியின் கீழ்ப்பகுதி முழுக்கச் சேறு. "நல்ல புல்லு" என்றார். அவ்வளவுதான்.

ஒரு பெண்ணின் நினைவைச் சாட்சியாக எழுதலாமா என்று மூத்த துறவிகள் கேட்டார்கள். முப்பத்தேழு வருடம் சரியாக நினைவு வைத்திருந்தவரை விட்டுவிட்டு, மறந்தவனை நாம் கூப்பிட்டோம் என்றார் மடாதிபதி. அது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், நான் சொன்னேன். எரிக்காத கடிதத்தை அவர் முன் வைத்து, அனுமதியில்லாமல் துண்டு அனுப்பியதையும் சொன்னேன். விசாரணைக்கு முந்திய நாள்.

பாடகர் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. பாடகர் வரிசையில் இப்போது என் இடம் கடைசி, நேற்று வந்தவர்களுக்கும் பின்னால். உயிர்ப்புத் திருநாள் வரை வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் தண்ணீரும். இது நியாயம். கோந்த்ரானுக்கும் அதே வெள்ளிக்கிழமைகள். "ரொட்டி எனக்குப் பிடிக்கும்" என்று அவர் சொல்லவில்லை.

மடத்தின் கை நான்தான் என்று மடாதிபதி முடிவு செய்தார். என்னால் முடியாது என்றேன்.

"ஆறு வயசுல வாங்க முடிஞ்சுதில்ல? இப்பக் குடுக்க முடியாதா?"

துறவி பெண்ணைத் தொடக்கூடாது என்ற விதியைச் சொன்னேன். வேலி வெட்டும் சகோதரர்களின் தோல் கையுறை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மெதுவாக அடித்தால் போதுமா என்று கேட்டேன்.

"மெதுவா அடிச்சா மறந்துடும். அப்புறம் அம்பது வருசம் கழிச்சு ரெண்டு பேர் வந்து சண்ட போடுவாங்க."

புனித தோமா திருநாள். நண்பகல் ஜெபத்துக்குப் பிறகு. கீழ் ஓக்.

ரெனியே


வோப்ரூன் மடம்
மாசற்ற குழந்தைகள் திருநாள்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

சாசனத்தின் நகல் இத்துடன். நான்தான் எழுதினேன். பாட விடாவிட்டாலும் எழுத விடுகிறார்கள். எல்லைப் பகுதி கீழ்வருமாறு:

"ஆற்றிலிருந்து மேலே, ஓடைக்கரையிலுள்ள ஓக் மரம் வரை மட்டும் மடத்துக்கு. அம்மரத்தடியில் அர்னோவின் மகள் அயெலிஸ், இதை மறவாதிருக்கும்படி, மடத்தின் கையால் அறை வாங்கினாள். அவள் உயிரோடிருக்கும் வரை அவள் சொல்லே எல்லை."

சாட்சிகள் பதினேழு பேர். சோல்னேயிலிருந்து ஒன்பது. பெர்த் தன் பெயரை இரண்டு முறை சொல்லி, நான் எழுதியதைக் காட்டச் சொன்னாள். எழுத்துத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

பிழை இருந்தால் தெரிவிக்கவும்.

வலிக்கிறதா, அக்கா?

இந்தக் கடைசி வரியை மடாதிபதி படித்தார். எடுத்துவிடச் சொல்லவில்லை.

ரெனியே


மொந்த்வேர்
மூன்று அரசர் திருநாள், 1179

என் தம்பி ரெனியேவுக்கும், அவன் படித்து முடித்தபின் மடாதிபதி அவர்களுக்கும்.

தம்பி,

சாசனத்தில் பிழை இல்லை.

வலித்தது. நான்கு நாள் இடது பக்கம் மெல்ல முடியவில்லை. இசபோ எனக்கென்று தனியாகக் கஞ்சி வைத்தாள். உப்புப் போதவில்லை. சொல்லவில்லை.

நீ மெதுவாக அடிப்பாய் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் தயாராகாமல் நின்றேன். சத்தம் கேட்டு ஓடைப்பக்கத்துப் பறவைகள் எழும்பின. பிறகு பெர்த்தான்: "பதினாலு வீட்டுக்கும் சேத்து ஒரே அறைதானா? மலிவுதான்." கோந்த்ரான் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சிரிப்பதற்கும் உங்களுக்கு விதி உண்டோ என்னவோ.

நான் நினைவு வைத்திருப்பதை எழுதிவைக்கிறேன். மடாதிபதிக்கும் உதவும். ஓடை ஓரம் மட்டும் உறைந்திருந்தது, நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஓக்கின் தெற்குக் கிளை ஒன்று முறிந்து தரையைத் தொட்டது. கீரை கறுத்துப் போயிருந்தது. மரத்திலிருந்து ஏழு அடி தள்ளி நான் நின்றேன், முகம் கிழக்கே. அங்கிருந்து கூரைகள் தெரியவில்லை. புகை தெரிந்தது. புதருக்கு மேலே. நீ ஆறு வயது உயரத்தில் பார்த்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. பதினான்கு எண்ணினேன். அழாமல் இருக்க.

யார் எப்போது வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

இசபோவின் மகளுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "யாரு அடிச்சா?" என்று கேட்கிறாள். என் தம்பி என்கிறேன். "ஏன்?" என்கிறாள்.

ஒன்று மட்டும் மிச்சம். நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய். கையை ஓங்குவதற்கு முன் கையுறையைக் கழற்றினாய். யாரும் உன்னைக் கழற்றச் சொல்லவில்லை. அதை இடுப்புக் கயிற்றில் செருகினாய், கீழே விழுந்தது, எடுக்கவில்லை. மடாதிபதி அந்த நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு கவனமாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கை குளிர்ந்திருந்தது. உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறது. பாடுகிறவன் கைக்கு அது எப்படி வந்தது என்று யோசித்தேன். அடித்த பிறகு கையை உடனே எடுக்கவில்லை.

அதைச் சாசனத்தில் எழுதாததற்கு நன்றி.

அக்கா